பேஸ்போல் அட்டையில் ஒரு நாடிக்குழி

பழைய அட்டைகள் பார்க்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாரே, முதலில் ஒரு எச்சரிக்கை. என்னைப் பற்றி யாராவது உங்களிடம் பெரிதாகச் சொல்லியிருந்தால், அதில் பாதி நானே கிளப்பிவிட்டது. மற்றப் பாதி நான் ஓய்வுபெற்ற அன்று கேக் வெட்டும்போது மரியாதைக்குச் சொன்னது. கையில் கேக் இருக்கும்போது ஒருவரும் உண்மை பேசமாட்டார்கள். அதை நான் அனுபவித்தே படித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும்போது பேஸ்போல் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அது தொலைக்காட்சியில் வந்தால் சனலை மாற்ற வேண்டும். டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதுகு, "இனி நீயே தூக்கு, நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டது. எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போன காலம் அது. செத்த வீட்டில் அலுமாரி துப்புரவாக்குவது போல, மொன்றியல் சனம் பேஸ்மென்ற்றுகளைத் திறந்து தாத்தா காலத்து ஆட்டக்காரர் பட அட்டை, மட்டை, தொப்பி எல்லாவற்றையும் வெளியே எடுக்கத் தொடங்கியது. பழைய விளையாட்டுப் பொருட்களை ஏலம் விடுகிற எங்கள் சின்னக் கடையில் பெட்டிக்கு மேல் பெட்டி. ஆள் தேவைப்பட்டது.

"பேஸ்போல் தெரியுமோ?" என்று கேட்டார் முதலாளி.

"சின்ன வயசிலயே மட்டை பிடிச்சவன் நான்," என்றேன்.

என்ன மட்டை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (அவர் பேசியது பிரெஞ்சு. இந்தக் கதையில் என் மனைவியைத் தவிர எல்லாரும் பேசியது பிரெஞ்சுதான். எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் காதில் விழும், அப்படியே எழுதுகிறேன்.)

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெயர் இல்லாத படங்களில் இருக்கிற ஆட்டக்காரன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மேசைக்குப் பொறுப்பாக ஒரு அம்மா இருந்தார். முகத்துக்கு நேரே நான் அவரை "மதாம்" என்பேன், மனதுக்குள் "வாத்தியாரம்மா". முதல் கிழமை ஒரு பெட்டி அட்டைகளைத் தந்து, ஒவ்வொன்றிலும் இருப்பவர் எந்தக் கைக்காரர் என்று குறிக்கச் சொன்னார். நான் பார்த்தேன். எல்லாரும் கையுறையை இடது கையில் போட்டிருக்கிறார்கள். எங்கள் கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் இரண்டு கையிலும் போடுவார், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. இங்கே ஒரு கையில் மட்டும் போட்டிருந்தால் அதுதானே வேலை செய்கிற கை? பெட்டி முழுவதும் "இடக்கை, இடக்கை, இடக்கை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாத்தியாரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்யூ, அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் இவ்வளவு இடக்கைக்காரர் இல்லை. இடக்கையால பிடிச்சாத்தானே வலக்கையால எறியலாம். எறியிற கைக்கு உறையைப் போட்டா எப்பிடி எறியிறது?"

"நாங்கள் வெறுங்கையால பிடிச்சு, அதே கையாலயே எறிவம் மதாம்."

அவர் என் வலது கையை எட்டிப் பார்த்தார். நடுவிரல் கோணலாக நின்றது. "அதுதான் தெரியுது," என்றார்.

அதன் பிறகுதான் எனக்குக் காது சொல்லித் தந்தார். தொப்பி மாறும், சட்டை மாறும், மீசை வரும் போகும், மூக்கைப் பந்து உடைத்துவிடும். காதின் வளைவு மட்டும் சாகும்வரைக்கும் அப்படியே இருக்கும். ஒரு காகித மட்டையில் சின்ன ஓட்டை வெட்டி வைத்திருந்தார். அதைப் படத்தின் மேல் வைத்து முகத்தை மறைத்து, காதை மட்டும் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் நாங்கள் விரும்புவது தெரியும், காதைப் பார்த்தால் காதுதான் தெரியும் என்பது அவருடைய சட்டம்.

அன்று பின்னேரம் ரொக்ஸ்பரோவில் வீட்டுக்கு வந்து, மனைவியின் காதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன்.

"என்ன இஞ்சாருங்கோ, அப்பிடிப் பார்க்கிறியள்?"

"காது."

"தோடு எடுத்துத் தரப் போறியளோ?"

ஆராய்ச்சி செலவில் முடிந்தது. ஆனால் பாடம் மனதில் பதிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மதாம் லூசி வரும்வரைக்கும்.

மதாம் லூசி கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறவர். முந்தி மிட்டாய்ப் பெட்டிக்குள் வைத்து விற்ற ஆட்டக்காரர் பட அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. தொப்பி போட்ட ஒரு இளைஞனின் தலையும் தோளும், பின்னால் செம்மஞ்சள் நிற வானம். அடியில் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தை யாரோ கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள். பின்பக்கம் வெறுமை. எந்தக் கம்பனி அச்சிட்டது என்றுகூட இல்லை. ஏலத்துக்கு உதவாது.

"விக்க வரேல்லை," என்றார் அவர். "இது என்ர தாத்தா. அப்பாவின்ர அப்பா. மொன்றியல் அணியில ஆடினவர். அப்பா இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ர தம்பி ஒரு நாளும் நம்பினதில்லை. ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் மேசையில எல்லாருக்கும் முன்னால, 'அப்பா, உங்கட மிட்டாய்க் கதையைச் சொல்லுங்கோவன்' எண்டு பகிடி பண்ணுவான். வாற மாதம் அப்பாவுக்குத் தொண்ணூறு. நீங்கள் ஒரு விவரக்குறிப்பு எழுதித் தந்தா, அட்டையையும் அதையும் சட்டம் போட்டுச் சுவரில மாட்டுவன். அவன் அதை வாசிக்க வேணும். அப்பா உயிரோட இருக்கேக்கயே வாசிக்க வேணும்."

தாத்தாவின் வேறு படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. அப்பாவின் முகம் மட்டும்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். முகத்துக்கு முகம் ஒப்பிடப் போனேன். பூதக்கண்ணாடியை மேசையில் மறந்துவிட்டுப் போனேன். பசியை மறக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சனத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், உங்களில் சென்னையிலிருந்து வந்திருக்கிற தம்பிக்கும் இது புதிதாக இருக்காது. பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போகிறோம். சிவப்பாக, சுருங்கி, கண் மூடி ஒரு பொட்டலம் படுத்திருக்கிறது. அது ஒருவரையும் போல இல்லை, மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் தேத்தண்ணி கொண்டுவருவது தகப்பனின் தாய் என்றால், "அப்பனை உரிச்சு வைச்சிருக்கு" என்கிறோம். தாயின் தாய் கொண்டுவந்தால், "நாடி அப்பிடியே தாய் வழி." ஞானஸ்நான விருந்தில் இரண்டு பக்கமும் இருந்தால் மூக்கை ஒரு பக்கத்துக்கும் நெற்றியை மறுபக்கத்துக்கும் பிரித்துக் கொடுப்போம். மாதா கோயில் மண்டபத்தில் இந்தப் பங்கீட்டில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு தரம் தத்தெடுத்த பிள்ளைக்கே தகப்பனின் பாதம் என்று சொல்லி, தகப்பனைக் கண்கலங்க வைத்தவன் நான்.

அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது விளங்கியிருக்கும். மதாம் லூசி மேப்பிள் மரப் பாகு ஊற்றிச் செய்த பலகாரம் ஒரு பெரிய துண்டு வெட்டி வைத்தார். கோப்பி ஊற்றினார். சன்னலோரம் கதிரையில் பெரியவர், துறைமுகத்தில் காலம் முழுக்கச் சாமான் இறக்கிய மனிதர், முழங்காலில் போர்வையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டையைத் தூக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். பெரியவரின் நாடியில், உதட்டுக்குக் கீழே மோவாயில், ஒரு குழி. அட்டையிலிருந்த இளைஞனின் நாடியிலும் ஒரு குழி.

"நாடியைப் பாருங்கோ!" என்று கத்திவிட்டேன். "உரிச்சு வைச்ச மாதிரி!"

மதாம் லூசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. இன்னொரு துண்டு வெட்டி வைத்தார். பெரியவர் தன் நாடியை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

அட்டையை வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"எந்தக் காது?" என்றார் வாத்தியாரம்மா.

"நாடி, மதாம். நாடியில குழி."

அவர் பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார். குனிந்து பார்த்தேன். குழிக்குள்ளே மேசையின் நிறம் தெரிந்தது. அட்டையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். தலைமுறை தலைமுறையாக வந்த அந்த நாடிக்குழியின் வழியே சூரியன் எட்டிப் பார்த்தது. அது குண்டூசி குத்திய ஓட்டை.

தம்பி தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு ஓட்டை வழியே வெளிச்சம் வரும். அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் காதைப் பார்த்தோம். இடது காதின் மேல்விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, எலி கடித்த மாதிரி. அட்டையில் இருப்பவரின் மகனுக்கோ பேரனுக்கோ அது வரப்போவதில்லை, அது அடிபட்டு வந்த வடு. ஆனால் அந்தக் காலத்துக் குழுப்படங்களில் அதைத் தேடலாம். இரண்டு பேரும் இழுப்பறை இழுப்பறையாகத் தேடினோம். எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்து அணியின் குழுப்படத்தில் காது அகப்பட்டது. கீழே வரிசையாகப் பெயர்கள். அவர் மொன்றியலுக்கு வந்ததே இல்லை. அந்த ஊர் நூலகத்துக்கு வாத்தியாரம்மா தொலைபேசி எடுத்து, பழைய பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலையும் தேடி வாசிக்கச் செய்தார். பந்து எறிபவர், கொஞ்சக் காலம் ஆடினார், பிறகு தீயணைப்புப் படையில் வேலை. சந்தேகத்துக்கு ஒரு இடமும் இல்லை. அதுதான் பெரிய சிக்கல்.

ஏனென்றால் மதாம் லூசி அதற்குள் படச்சட்டம் செய்யக் கொடுத்துவிட்டார். விருந்துக்கு ஆட்களையும் அழைத்துவிட்டார். தம்பியிடம், "இந்த முறை உனக்கு ஒரு சாமான் காட்டுவன்" என்றும் சொல்லிவிட்டாராம். எனக்குத் தொலைபேசியில் அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோசம், அட, வேண்டாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமோ? எழுதிப் பார்த்தேன். முதலில், "மொன்றியல் ஆட்டக்காரர் ஒருவராக இருக்கலாம்." பிறகு, "அவர்தான் என்பதை முற்றாக மறுப்பதற்கில்லை." கடைசியில், "குடும்பச் சாயல் உண்டு எனக் கருதுவோரும் உளர்." கருதுவோர் யார்? நானும் அந்தப் பலகாரமும்தான். வீட்டில் மனைவிக்கு மூன்றையும் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"கலியாணத் தரகர், 'பொடியன் வெளிநாட்டில ஏதோ நல்ல இடத்தில இருக்கிறாராம்' எண்டுற மாதிரி இருக்கு," என்றா அவ. "பொடியன் மறியலில கம்பி எண்ணுறார் எண்டு பேந்துதான் தெரியவரும்."

அடுத்த நாள் வாத்தியாரம்மாவிடம், உண்மையை எழுதித் தபாலில் போட்டுவிடலாமே என்று கேட்டேன். மரியாதையான யோசனை, தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன்.

"சொன்னது எங்க வைச்சு?" என்றார்.

"அவையின்ர வீட்டில."

"சாப்பிட்டது?"

"அங்கதான்."

"அப்ப தபால்காரனுக்கு என்ன வேலை இதில? போய் முகத்தைக் காட்டிச் சொல்லும்."

போனேன். மழையா பனியா என்று தீர்மானிக்காத ஒரு மத்தியானம். கதவைத் திறந்த மதாம் லூசி என் குளிர்க்கோட்டை வாங்க முதலே, "கோப்பி ஊத்தட்டோ?" என்றார்.

"வேண்டாம், நன்றி."

"பலகாரம்?"

"இல்லை மதாம், இண்டைக்கு வேண்டாம்."

அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கோட்டைக் கையில் வைத்தபடியே நின்றார். நான் சொல்லி முடித்தேன், ஓட்டை, காது, குழுப்படம், எல்லாம்.

"நீங்கள்தானே நாடியைப் பாருங்கோ எண்டு கத்தினீங்கள்!" குரல் உயர்ந்தது. "நான் கேட்டனானோ அப்பிடிக் கத்தச் சொல்லி? பார்த்திட்டுச் சொல்லுறன் எண்டு போயிருக்கலாமே!"

"ஓம் மதாம். நான் எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான். பழகிப் போச்சு."

"எந்தப் பிள்ளைக்கு?"

அவர் சன்னல் பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு ஏன் சொல்லுறீங்கள்? அவருக்குச் சொல்லுங்கோ. தொண்ணூறு வயசில உங்கட அப்பா உங்கட அப்பா இல்லை எண்டு நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர். அவருக்கு முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு இருந்தேன். அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

"பெரியவர், இந்த நாடியில இருக்கிறது குழி இல்லை. ஊசி ஓட்டை."

"தெரியும்," என்றார். "குத்தினது நான்தானே. கட்டிலுக்கு மேல."

மதாம் லூசி கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டுக் கிட்ட வந்தார்.

"கீழ பெயரை வெட்டினதும் நான்தான்," என்றார் பெரியவர், மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. "எனக்கு வாசிக்கத் தெரியாத வயசு. பெயர் இருந்தா அது வேற ஒரு ஆள் எல்லோ. வாசிக்கப் பழக முதல் வெட்டிப்போட்டன்."

"அப்பா?"

"என்ர அப்பா பந்தாடுறவர் எண்டு அம்மா சொன்னவ. அது உண்மை. ஒரு கோடைக்கு ஆடப் போனவர், திரும்பி வரேல்லை. நான் கைக்குழந்தை. அம்மா படமெல்லாத்தையும் அடுப்பில போட்டிட்டா. பள்ளிக்கூடத்தில எல்லாரும் அப்பா, அப்பா எண்டுவாங்கள். நான் ஒரு பொடியனிட்டை விளையாடுற மாபிள் குண்டு குடுத்து அட்டை வாங்கினன். அவனிட்டை ஒரு பெட்டி நிறைய இருந்தது. எல்லாத்தையும் நிலத்தில பரப்பிப் பார்த்து இவரை எடுத்தன்."

"ஏன் இவரை?" என்று நான் கேட்டேன்.

"மற்றவங்கள் எல்லாரும் கோபமா இருந்தாங்கள்."

நான் மறுபடி அட்டையை எட்டிப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இல்லைத்தான்.

"அப்ப அண்டைக்கு இவர் நாடி நாடி எண்டு கத்தேக்க, ஏன் சும்மா இருந்தீங்கள்?" என்றார் மகள்.

பெரியவர் என்னை விரலால் காட்டினார். "இந்த மனுசன் கத்தின கத்தில எனக்கே சந்தேகம் வந்திட்டுது. ரெண்டு நாள் கண்ணாடியில பார்த்தன். ஒருவேளை சரியான ஆளைத்தான் எடுத்தனோ எண்டு."

மதாம் லூசி சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எல்லாரும் வருகினம். அவன் உங்களைப் பொய்யன் எண்டு சொல்லப்போறான்," என்றார்.

"சொல்லட்டும். இவ்வளவு காலமும் சொன்னான், ஒருக்காவெண்டாலும் அவன் சொன்னது சரியா இருக்கட்டும். நானே சொல்லுறன் அவனுக்கு. இவ்வளவு காலம் சொல்லாம விட்டதுக்குப் பேச்சு வாங்குவன், பரவாயில்லை. என்ர பிறந்தநாள், ஆரும் பெரிசா ஏசமாட்டினம்." அட்டையை என்னிடம் நீட்டினார். "சட்டம் போட்டாச்சு எல்லோ? வீணாக்கக் கூடாது. விவரத்தை எழுதும். இந்தாளின்ர பெயரைப் பெரிசாப் போடும். நான் வெட்டினதை நீர் திருப்பி வையும்."

அங்கேயே, அந்தச் சமையலறை மேசையில் இருந்து எழுதினேன். பெயர், அணி, ஊர், இடது காதின் வடு, அடியில் கத்தரித்தது, நாடியில் ஊசி ஓட்டை. "இருக்கலாம்" என்று ஒரு இடத்திலும் இல்லை. என் வாழ்நாளில் எழுதிய ஆகச் சின்ன விவரக்குறிப்பு அதுதான். நீங்களும் எழுதும்போது நீளம் கூடுகிறது என்றால், கையை நிறுத்தி, யாருடைய வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று ஒருக்கால் யோசியுங்கள்.

பெரியவர் அதையும் அட்டையையும் வாங்கி, அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். எண்பது வருடத்துக்கு மேலாகக் கூட இருந்த மனிதரின் பெயரை அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார்.

"நல்ல ஆட்டக்காரனோ?"

"சுமார்தான், பெரியவர். பிறகு தீயணைப்புப் படையில இருந்தவர்."

"தீயணைப்போ?" முகம் விரிந்தது. "நல்ல வேலை." பிறகு ஏதோ நினைவு வந்தது போலப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தாளுக்குப் பிள்ளையள் இருந்தவையோ?"

"இல்லை. கலியாணமே கட்டேல்லை. மரண அறிவித்தலில அண்ணன்ர பிள்ளையளின்ர பெயர்தான் இருந்தது."

அவர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சரி," என்றார். "நான் வேற ஒருத்தரின்ர அப்பாவையும் எடுக்கேல்லை."